உதகையில் பிறந்த சபையும் ஊசி பிடித்த கைகளும்

முத்திப்பேறு பெற்ற பாடுகளின் மரியம்மாள் (1839–1904)



ஞாயிற்றுக்கிழமை பூசை காணும்போது பீடத்தின்மேல் விரித்திருக்கும் வெண்துகிலை எப்பொழுதாவது உற்றுப் பார்த்திருக்கிறீர்களா? அதன் ஓரத்தில் லேஸ் பின்னல் இருக்கும். குருவானவர் அணியும் பூசை வஸ்திரத்தில் கோதுமைக் கதிரும் திராட்சைக் குலையும் நூலால் தைத்திருக்கும். அவற்றைத் தைத்த பெண் யாரென்று நாம் கேட்பதில்லை. ஒரு நாளும் அவள் பெயர் அறிவிப்பில் வாசிக்கப்படுவதுமில்லை. ஆனால் ஒவ்வொரு பூசையிலும் திவ்விய அப்பம் தங்குகிற இடத்துக்கு மிக அருகில் இருப்பது அவளுடைய கைவேலை.

இப்படிப்பட்ட கைவேலைக்குக் கிறிஸ்தவ வாழ்வில் என்ன இடம்? பொழுதுபோக்கா, பிழைப்பா, அல்லது ஜெபத்தோடு சேர்ந்ததா? இந்தக் கேள்விக்குத் தம் வாழ்நாளால் விடை சொன்ன ஒரு தாயாரின் சரித்திரத்தை இந்த வாரம் உங்கள்முன் வைக்கிறோம். அவர் பிறந்தது பிரான்சு தேசம். அவருடைய சபை பிறந்ததோ நம்முடைய நீலகிரி மலையில், உதகமண்டலத்தில். இன்று 70-க்கும் மேற்பட்ட தேசங்களில் ஊழியம் செய்யும் மரியாயின் பிரான்சிஸ்கன் மிஷனெரி கன்னியர் சபைக்கு வேர் இந்தக் குளிர்ந்த மண்ணில்தான் விட்டது என்பதை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவார்கள்?

பிரபு குடும்பத்துப் பெண்

1839-ம் ஆண்டு மே மாதம் 21-ம் தேதி, பிரான்சின் மேற்குப் பகுதியிலுள்ள நாந்த் நகரில், தெ ஷாப்போத்தேன் என்னும் பிரபு குடும்பத்தில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. அதற்கு ஹெலன் என்று பெயரிட்டார்கள். வீட்டில் வேலைக்காரர்களுக்குக் குறைவில்லை. அந்தக் காலத்துப் பிரபு வீட்டுப் பெண்கள் ஊசி வேலை கற்பது உண்டு. ஆனால் அது வரவேற்பறை அழகுக்காக. அன்றன்றைய அப்பத்துக்காக உழைக்க வேண்டிய அவசியம் ஹெலனின் கைகளுக்கு இருந்ததில்லை.

1856-ம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அவர் ஒரு ஞானத்தியானம் செய்தார். வயது 16. அந்த நாட்களில், தாம் முழுவதும் சர்வேசுரனுக்கே உரியவர் என்ற எண்ணம் அவர் உள்ளத்தில் ஆழமாய்ப் பதிந்தது. ஆயினும் உடனே மடத்துக்குப் போக இயலவில்லை. தாயார் திடீரென்று மரித்துப் போனதால் வீட்டுப் பொறுப்பு குறுக்கே வந்தது. பொறுத்திருந்து, 1860-ம் ஆண்டு டிசம்பரில், நாந்த் மேற்றிராணியாரின் சம்மதத்தோடு அர்ச். கிளாரம்மாள் மடத்தில் பிரவேசித்தார்.

அசிசி நகரத்து அர்ச். பிராஞ்சீஸ்குவின் ஏழ்மை அவரைக் கவர்ந்திருந்தது. கிளாரம்மாள் மடத்தில் ஏழ்மை என்பது வெறும் பேச்சாய் இருப்பதில்லை. செருப்பில்லாத கால், எளிய உணவு, கைகளால் செய்யும் வேலை, நெடுநேர ஜெபம் எல்லாம் அதில் அடக்கம். இங்கேதான் பிரபு வீட்டுப் பெண் ஏழைகளின் வாழ்வைத் தன் உடலால் அறியத் தொடங்கினார். ஆனால் சில மாதங்களுக்குள் கடும் நோய் கண்டது. மடத்தை விட்டு வீடு திரும்ப வேண்டியதாயிற்று.

வாசகரே, நமக்கு இது நேர்ந்தால் என்ன நினைப்போம்? ஆண்டவர் நம்மை வேண்டாம் என்று சொல்லிவிட்டார் என்றே நினைப்போம். ஹெலன் அப்படி எண்ணாமல் காத்திருந்தார். உடல் தேறிய பின், தம் ஆத்தும குருவின் யோசனைப்படி 1864-ல் மரி ரெப்பராத்ரிஸ் என்னும் சபையில் சேர்ந்தார். அவ்வாண்டு தேவமாதாவின் பரலோக ஆரோபணத் திருநாளாகிய ஆகஸ்டு 15-ம் தேதி, துலூஸ் நகரில் சபை உடுப்பும், பாடுகளின் மரியம்மாள் என்ற புதுப்பெயரும் பெற்றார்.

தமிழ்நாட்டுக்கு வந்தார்

உடுப்புப் பெற்று ஒரு வருஷம்கூட ஆகவில்லை. 1865-ம் ஆண்டு மார்ச்சு மாதம், நவசந்நியாசியாக இருக்கும்போதே அவரை இந்தியாவுக்கு அனுப்பினார்கள். சேசு சபைக் குருக்கள் நடத்திவந்த மதுரை மிஷனில் ரெப்பராத்ரிஸ் கன்னியர்கள் உதவி செய்துவந்தார்கள். உள்நாட்டுப் பெண்களுக்கென ஏற்பட்ட கன்னியர் சபையைப் பயிற்றுவிப்பது அவர்களுடைய முக்கிய ஊழியங்களில் ஒன்று. 25 வயதுப் பெண்மணி நம் வெயிலுக்கும், தமிழுக்கும், நம் ஜனங்களின் வழக்கங்களுக்கும் பழகிக்கொண்டார். 1866-ம் ஆண்டு மே 3-ம் தேதி முதல் வார்த்தைப்பாடு கொடுத்தார். மறுவருஷம் ஜூலையில், 28 வயதில், இங்கிருந்த 3 மடங்களுக்கும் மாகாணத் தலைவியாக நியமிக்கப்பட்டார்.

1874-ல் நீலகிரியில் ஒரு புதிய மடம் திறக்கப்பட்டது. அப்பொழுது இந்த மலை கோயம்புத்தூர் மறைமாநிலத்தைச் சேர்ந்தது. பாரீஸ் வேதபோதக சபைக் குருக்கள் அதை நடத்திவந்தார்கள். அந்தக் காலத்துப் பயணத்தைக் கொஞ்சம் மனக்கண்ணால் பாருங்கள். மேட்டுப்பாளையம் வரையில் ரயில் 1873-ல்தான் வந்திருந்தது. மலை ரயில் குன்னூரை எட்டியது 1899-ல், உதகைக்கு வந்தது 1908-ல். ஆகவே கன்னியர்கள் மலைப்பாதை வழியாக, கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, மழையிலும் மூடுபனியிலும் மெதுவாக ஏறி வரவேண்டியிருந்தது. உதகையில் அவர்கள் கண்டது குளிர். நாந்த் நகரத்துப் பெண்ணுக்கு அந்தக் குளிர் ஊர் நினைவைத் தந்திருக்கும்.

இருபது பேர்

இனி இந்தச் சரித்திரத்தில் வேதனையான பகுதி வருகிறது. மதுரை மிஷனில் மடங்களுக்குள் கருத்து வேற்றுமைகள் எழுந்தன. அவை தணியாமல் முற்றின. 1876-ல் பாடுகளின் மரியம்மாள் உட்பட 20 கன்னியர்கள் தங்கள் சபையை விட்டு விலக நேர்ந்தது. நல்லவர்களுக்குள்ளும் பிரிவு வருவதுண்டு என்பதை நம் குடும்பங்களிலேயே நாம் பார்த்திருக்கிறோம். யார் பக்கம் எவ்வளவு நியாயம் என்று இன்று நாம் எடைபோட வேண்டியதில்லை. அந்த 20 பேரின் நிலையை மட்டும் எண்ணிப் பாருங்கள். சொந்த நாடு கடல்களுக்கு அப்பால். சேர்ந்திருந்த சபை இனி இல்லை. ஊரார் பேச்சு ஒரு பக்கம். அவர்கள் உதகைக்கு வந்து ஒன்றாய்க் கூடினார்கள். கோயம்புத்தூர் மேற்றிராணியார் மகா வந். ஜோசப் பார்து ஆண்டகை அவர்களுக்கு நிழல் கொடுத்தார்.

அது எந்த வருஷம் என்று நினைவிருக்கிறதா? நம் பாட்டிமார் கதையில் வரும் தாது வருஷப் பஞ்சம் தொடங்கிய வருஷம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தில் மழை பொய்த்துத் தானியம் அற்றுப்போயிற்று. பட்டினியாலும் கொள்ளை நோயாலும் இலட்சக்கணக்கானோர் மாண்டார்கள். முதலில் விழுந்தவர்களில் கைத்தொழில்காரர் பலர். நெசவாளிக்கு நிலமில்லை. அரிசி விலை ஏறினால் யாரும் துணி வாங்குவதில்லை. தறி நின்றால் அடுப்பும் நிற்கும். கைவேலை என்பது அழகுக்கான விஷயம் மாத்திரமல்ல என்பதையும், ஒரு குடும்பம் உயிரோடிருப்பதே அதில் அடங்கியிருக்கும் என்பதையும் தமிழ்நாடு அந்நாளில் கண்ணீரோடு கற்றது.

1876 நவம்பரில் பாடுகளின் மரியம்மாள் ரோமாபுரிக்குப் பயணமானார். தம் தோழிகளின் நிலைமையைத் திருச்சபையின் தலைமைக்கு எடுத்துச் சொல்லி, முறைப்படி ஒரு தீர்ப்புப் பெறுவதே அவர் நோக்கம். 1877-ம் ஆண்டு ஜனவரி 6-ம் தேதி, மூன்று இராசாக்கள் திருநாளன்று, பாப்பரசர் 9-ம் பத்திநாதர் புதிய சபைக்கு உத்தரவளித்தார். மரியாயின் மிஷனெரிகள் என்பது அதன் பெயர். வேதபோதக தேசங்களுக்கென்றே ஏற்பட்ட பெண்கள் சபை அது. ரோமாபுரியில் உத்தரவு கிடைத்தபோது அதற்கு இருந்த சொத்து, உதகையில் காத்திருந்த அந்தக் கன்னியர்கள்தான்.

பிராஞ்சீஸ்குவின் வீட்டுக்குத் திரும்பினார்

ரோமை விசுவாசப் பரப்புதல் பேராயத்தின் யோசனைப்படி பிரான்சில் சேன்-பிரியக் என்ற ஊரில் நவசந்நியாச மடம் திறந்தார். பல இடங்களிலிருந்தும் பெண்கள் வந்து சேர்ந்தார்கள். 1882-ல் மறுபடியும் ரோமாபுரி சென்றபோது, வாலிபத்தில் விட்டுவந்த பிராஞ்சீஸ்குவின் வழி அவருக்கு மீண்டும் திறந்தது. அவ்வாண்டு அக்டோபர் 4-ம் தேதி, அசிசியாரின் திருநாளன்று, ஆராச்செலி ஆலயத்தில் அவர் பிராஞ்சீஸ்குவின் மூன்றாம் சபையில் சேர்ந்தார். நோயால் கிளாரம்மாள் மடத்தை விட்டுச்சென்ற பெண் 21 வருஷங்களுக்குப் பிறகு அதே தந்தையின் வீட்டுக்கு வேறு வாசல் வழியாய்த் திரும்பினார்.

அந்த ஆனந்தம் அதிக நாள் நீடிக்கவில்லை. எதிர்ப்பு உள்ளுக்குள் வளர்ந்தது. 1883 மார்ச்சு மாதம், தாம் தோற்றுவித்த சபையின் தலைமையிலிருந்தே அவர் நீக்கப்பட்டார். தாம் கட்டிய வீட்டில் அதிகாரமில்லாதவராய் ஒரு வருஷத்துக்கு மேல் இருந்தார். தமக்கென்று கட்சி சேர்க்காமல் திருச்சபையின் தீர்ப்புக்குக் காத்திருந்தார். பாப்பரசர் 13-ம் சிங்கராயர் விசாரணைக்கு உத்தரவிட்டார். அவர்மேல் குற்றமில்லை என்று தெளிவாயிற்று. 1884 ஜூலையில் கன்னியர்கள் அவரையே மீண்டும் தலைவியாகத் தெரிந்துகொண்டார்கள். 1885 ஆகஸ்டு 12-ம் தேதி சபைக்கு ரோமாபுரியின் பாராட்டுப் பத்திரமும், பிராஞ்சீஸ்கு சபையோடு இணைப்பும் கிடைத்தன. சட்டங்களுக்கு இறுதி அங்கீகாரம் 1896 மே 11-ம் தேதி வந்தது.

பீடத்திலிருந்து தையலறைக்கு

இப்பொழுது நாம் தொடங்கிய கேள்விக்கு வருவோம். இந்தச் சபையில் இரண்டு காரியங்கள் அருகருகே வைக்கப்பட்டன. முதலாவது, திவ்விய நற்கருணை ஆராதனை. எழுந்தேற்றம் செய்யப்பட்ட தேவ நற்கருணைக்கு முன்பாகக் கன்னியர்கள் நாள்தோறும் முறைவைத்து விழித்திருப்பார்கள். இரண்டாவது, வேலை. அசிசி பிராஞ்சீஸ்கு தம் சகோதரர்கள் கைகளால் உழைக்க வேண்டுமென்று விரும்பியவர். ஏழைக்கு வேலை செய்யாமல் விடியாது. ஏழ்மையை வார்த்தைப்பாடாகக் கொடுத்தவர்களுக்கு மட்டும் எப்படி விடியும்?

ஆகவே பாடுகளின் மரியம்மாளின் மடங்களில் ஆஸ்பத்திரி, அநாதைச் சாலை, பள்ளிக்கூடம் இவற்றோடு கைவேலைக் கூடங்களும் எழுந்தன. அங்கே ஏழைப் பெண்களும் அநாதைப் பிள்ளைகளும் தையல், பூத்தையல், லேஸ் பின்னல், நெசவு முதலியவற்றைக் கற்றார்கள். பெண்களின் நிலை உயரவேண்டும் என்பது தாயாரின் பெருங்கவலைகளில் ஒன்று. கணவனை இழந்தவள், பெற்றோரில்லாதவள், சீதனமில்லாதவள் என்று யாரானாலும் கையில் ஒரு தொழில் இருந்தால் பிறர் வாசலில் நிற்க வேண்டியதில்லை.

அந்தக் கூடத்தை நினைத்துப் பாருங்கள். ஒரு கன்னியர் ஒரு மணி நேரம் நற்கருணைநாதர்முன் முழந்தாளிட்டிருக்கிறார். மணி அடிக்கிறது. இன்னொருவர் அவ்விடத்துக்கு வருகிறார். முதலாமவர் எழுந்து போய் ஊசியையும் நூலையும் எடுக்கிறார். முதல் அறையில் கற்ற பொறுமையும் அமைதியும் இரண்டாம் அறைக்கும் கூடவே வருகின்றன. லேஸ் பின்னலில் ஒரு விரற்கடை நீளத்துக்கு எத்தனை முடிச்சு! ஒன்று தப்பினால் அவ்விடம் வரையில் அவிழ்த்துத் திரும்பப் போடவேண்டும். கோபக்காரிக்கு அந்த வேலை வராது. யாரும் பார்க்காத முடிச்சையும் சரியாய்ப் போடுகிறவள், யாரும் பார்க்காத பாவசோதனையிலும் நிலைத்து நிற்கப் பழகுகிறாள்.

இது புதிய போதகமுமல்ல. யாத்திராகமத்தைத் திறந்து பாருங்கள். ஆசாரக் கூடாரத்தைச் செய்ய பெசெலெயேல் என்ற கைத்தொழிலாளியை ஆண்டவர் பெயர் சொல்லி அழைத்துத் தம்முடைய ஆவியால் நிரப்பினார். அந்த வேலைக்காகப் பெண்கள் தங்கள் கைகளால் நூல் நூற்றுக் கொண்டுவந்தார்கள். அப்போஸ்தலர் நடபடியில் யோப்பா பட்டணத்துத் தபீத்தாளைக் காண்கிறோம். அவள் இறந்தபோது, ஏழை விதவைகள் அவள் தைத்துக் கொடுத்த உடைகளை அர்ச். இராயப்பருக்குக் காட்டி அழுதார்கள். அவள் புண்ணியத்துக்கு அந்தத் தையலே சாட்சி. அர்ச். சின்னப்பர் கொரிந்து நகரில் கூடாரம் செய்து தம் செலவைத் தாமே பார்த்துக்கொண்டார். எல்லாருக்கும் மேலாக, நம் ஆண்டவர் நாசரேத்தூரில் அர்ச். சூசையப்பரின் பட்டறையில் வளர்ந்தார். 1955-ல் பாப்பரசர் 12-ம் பத்திநாதர் மே 1-ம் தேதியைத் தொழிலாளரான சூசையப்பரின் திருநாளாக ஏற்படுத்தியதும் இந்த உண்மையை நமக்கு நினைப்பூட்டவே.

தமிழ்நாட்டிலேயே இதற்கு வேறு உதாரணங்களும் உண்டு. 1897-ல் முளகுமூட்டுக்கு வந்த பெல்ஜியம் நாட்டு மரி லூயிஸ் தெ மேஸ்தர் தாயாரும் அநாதைப் பெண்களுக்கு லேஸும் பூத்தையலும் கற்பித்தார். அதற்கும் முன்பே, 1820-களில், நாகர்கோவிலில் லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் அம்மையார் லேஸ் வேலையைத் தொடங்கியிருந்தார். திருவிதாங்கூரில் அடிமைத்தனம் ஒழியாத அந்நாளில், லேஸ் விற்ற பணத்தால் சில பெண்கள் தங்களை மீட்டுக்கொண்டார்கள் என்று சொல்லப்படுகிறது. ஒரு முழ லேஸ் ஒரு பெண்ணின் விடுதலைக்கு விலையாக இருந்த காலமும் உண்டு என்பதை நம் பெண்கள் மறக்கலாகாது.

பாடுகளின் மரியம்மாளின் பிள்ளைகள் இந்த வழியைத் தூர தேசங்களுக்கும் கொண்டுபோனார்கள். மொராக்கோ தேசத்து மலைகளில் மிதெல்த் என்ற ஊரில், தாயார் காலத்துக்குப் பின், பெர்பர் முஸ்லிம் பெண்களோடு அவர்கள் கம்பளி நெசவும் பூத்தையலும் நடத்தினார்கள். அந்தப் பெண்களின் பரம்பரைத் தொழிலை மதித்து, அதற்கு உரிய கூலி கிடைக்கச் செய்வதையே அன்பின் ஊழியமாகக் கொண்டார்கள்.

இரத்தமும் வியர்வையும்

1900-ம் ஆண்டு சீன தேசத்தில் பெருங்கலகம் எழுந்தது. தாய்யுவான் நகரில் அநாதைப் பிள்ளைகளைப் பராமரித்துவந்த 7 கன்னியர்கள் ஜூலை 9-ம் தேதி வேதசாட்சிகளாய் மரித்தார்கள். அவர்கள் அங்கே போய்ச் சேர்ந்து ஏறக்குறைய ஒரு வருஷந்தான் ஆகியிருந்தது. அனுப்பிவைத்த தாயாருக்கு அந்தச் செய்தி எப்படி இருந்திருக்கும்! வாளுக்குத் தப்பின பிள்ளைகளை யார் பார்ப்பது என்ற கவலையும் கூடவே வந்தது. கன்னியர்கள் மறுபடியும் சீனாவுக்குப் போனார்கள்.

அப்படிப் போனவர்களில் ஒருவர் மரிய அசுந்தா பல்லோத்தா. இத்தாலியில் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, சிறு வயதிலேயே கூலி வேலைக்குப் போனவர். மடத்திலும் பன்றிப் பட்டி, தோட்டம், சமையலறை என்று கீழான வேலைகளே அவர் பங்கு. செய்கிற ஒவ்வொரு சிறு வேலையையும் சர்வேசுரனுடைய சிநேகத்துக்காகச் செய்வதே அவருடைய எளிய இரகசியம். 1904-ல் சீனாவுக்குப் போனார். 1905 ஏப்ரலில், கொள்ளைக் காய்ச்சலால், 26 வயதில் இறந்தார். 7 வேதசாட்சிகளுக்கு 2000-ம் ஆண்டு அக்டோபர் 1-ம் தேதி அர்ச்சியசிஷ்ட பட்டம் கிடைத்தது. சமையலறை அசுந்தாவுக்கோ 1954-லேயே முத்திப்பேறு பட்டம் கிடைத்துவிட்டது. இரத்தம் சிந்தினவர்களையும் வியர்வை சிந்தினவரையும் திருச்சபை ஒரே மேசையில் உட்காரவைத்திருக்கிறது.

பாடுகளின் மரியம்மாள் 1904-ம் ஆண்டு நவம்பர் 15-ம் தேதி, இத்தாலியில் சான் ரேமோ என்ற ஊரில், 65-ம் வயதில் மரித்தார். உதகையில் 20 பேரோடு தொடங்கிய சபையில் அன்று 2,000-க்கு மேற்பட்ட கன்னியர்களும், 4 கண்டங்களில் 86 மடங்களும் இருந்தன. அவருடைய திருச்சரீரம் ரோமாபுரியில் இளைப்பாறுகிறது. 2002-ம் ஆண்டு அக்டோபர் 20-ம் தேதி பாப்பரசர் 2-ம் அருள் சின்னப்பர் அவரை முத்திப்பேறு பெற்றவர்கள் வரிசையில் சேர்த்தார். நவம்பர் 15 அவருடைய நினைவு நாள். சென்னையில் 1947-ல் தொடங்கிய ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரி அவருடைய சபை நட்ட மரம். உதகையில் நாசரேத் கன்னியர் மடத்து வழியாய் நடக்கும்போது அந்த 20 பேரை ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள்.

நம் வீடுகளுக்கு

இனி நம்மைப் பற்றி. நம் மலையில் கைவேலைக்கா பஞ்சம்? தோட்டத்துத் தாய்மார்களே, காலைப் பனியில் நின்று ஒரு மொட்டும் இரண்டு இலையுமாகப் பார்த்துப் பார்த்துக் கொழுந்து கிள்ளும் உங்கள் விரல்களின் பழக்கம் எந்த மெஷினுக்கும் முழுதாய் வராது. சாயங்காலம் லைன் வீட்டு வாசலில் உட்கார்ந்து பிள்ளைக்குக் கம்பளிச் சட்டை பின்னுகிறீர்கள். அந்த நேரத்தை வீணான நேரமென்று நினைக்கவேண்டாம். ஒரு வரிசைக்கு ஓர் அருள் நிறை மந்திரம் சொல்லிப் பாருங்கள். சட்டை முடியும்போது பல ஜெபமாலைகளும் முடிந்திருக்கும். பிள்ளை அதைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போகும்போது தாயின் ஜெபம் அதன் தோள்மேல் இருக்கும்.

நம் அயலாரான தோடர் குலத்துப் பெண்களைப் பாருங்கள். வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமான நூலால் பூத்துக்குளி தைக்கிறார்கள். துணியில் முன்கூட்டி வரைந்துகொள்வதில்லை. இழைகளைக் கண்ணாலும் விரலாலும் எண்ணி எண்ணியே பூ எழுப்புகிறார்கள். துணியின் இரு பக்கமும் உடுக்கத் தகுந்ததாய் இருக்கும். 2013-ல் அந்த வேலைக்கு அரசாங்கத்தின் புவிசார் குறியீடு கிடைத்தது. இதைத் தாயிடமிருந்து மகள் கற்றுவருகிறாள். கிறிஸ்தவர்களாகிய நாம் இதைக் கண்டு வியக்கவும் கற்கவும் வேண்டும். திறமை யார் கையில் இருந்தாலும் அது படைத்தவரிடமிருந்தே வந்தது.

இங்கே ஒரு மனச்சாட்சிக் கேள்வியும் உண்டு. சேரிங் கிராசில் ஒரு சால்வையை எடுத்து, மாதக் கணக்கில் உட்கார்ந்து தைத்ததென்று தெரிந்தும், பாதி விலைக்குக் கேட்கிறோமே, அது நியாயமா? தையற்கார அக்காவிடம் துணி கொடுத்துவிட்டு, கூலியை அடுத்த மாதம் தருகிறேன் என்று சொல்லி இழுக்கிறோமே, அவள் வீட்டு அடுப்பு அடுத்த மாதம்வரை காத்திருக்குமா? கூலிக்காரனின் கூலியை நிறுத்திவைப்பது சர்வேசுரனிடம் பழிக்காக முறையிடும் பாவங்களில் ஒன்றென்று ஞானோபதேசத்தில் படித்திருக்கிறோம். பீடத் துகிலின் லேஸை வணங்கத்தக்க இடத்தில் விரித்துவிட்டு, அதைப் பின்னினவளைப் பசியோடு அனுப்பினால் அந்தக் காணிக்கை ஆண்டவருக்கு எப்படி இனிக்கும்?

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. உங்கள் பிள்ளைகள் படிக்கட்டும். பட்டம் வாங்கட்டும். அதோடு, வீட்டில் பாட்டி அறிந்த ஒரு கைவேலையையும், கூடை முடைவதோ தச்சு வேலையோ பூத்தையலோ எதுவானாலும், ஆண் பிள்ளை பெண் பிள்ளை என்று பாராமல் கற்றுக்கொள்ளச் செய்யுங்கள். பாட்டி கண்மூடிய பிறகு கேட்டால் கிடைக்காது. இந்த வாரமே அவள் அருகில் உட்காரச் சொல்லுங்கள். வேலை கற்றுத்தரும் சாக்கில் அவள் தன் ஜெபங்களையும் கற்றுத் தருவாள்.

பாடுகளின் மரியம்மாளுக்கு வாழ்க்கை பலமுறை அறுந்தது. தாயின் மரணம், நோய், பிரிவு, பதவி இழப்பு, பிள்ளைகளின் கொலை என்று எத்தனை! அறுந்த ஒவ்வொரு தடவையும் அவர் நற்கருணைநாதர்முன் போய் நின்றார். பிறகு எழுந்து வந்து வேலையைத் தொடர்ந்தார். நம் கையிலும் அறுந்த நூல் ஏதாவது இருக்கும். பாதியில் நின்ற வேலையோ, பேச்சு நின்றுபோன உறவோ, விட்டுவிட்ட ஜெபமோ இருக்கலாம். இன்று சாயங்காலம் அதைக் கையில் எடுத்து, சிலுவை வரைந்து, விட்ட இடத்திலிருந்து தொடங்குவோமாக.

முத்திப்பேறு பெற்ற பாடுகளின் மரியம்மாளே, உமது சபை பிறந்த இந்த மலையையும் இதில் உழைக்கும் கைகள் அனைத்தையும் நினைத்து, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.